ஆடுகிற எஞ்சின்

"மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது, குருவே."

"குருவெல்லாம் வேண்டாம். தங்கச்சின்னே கூப்பிடுங்க அண்ணாச்சி," என்றாள் மரியபுஷ்பம். வள்ளியூர்ப் பக்கம் பழைய எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவள்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினோரு சாமியார்களைப் பார்த்தாயிற்று; பன்னிரண்டாவதாக இவளிடம் வந்திருந்தார். வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் அவர் நடந்த நடையில் தரை இடுப்பளவு பள்ளமாகி, மழைக்காலத்தில் அதில் எருமை படுத்தது என்று ஊரில் பேச்சு. அது பொய். படுத்தது கன்றுக்குட்டி.

"அடங்கினபிறகு வாங்க," என்று சொல்லி, மனைவி சண்முகவடிவு கதவைச் சாத்திவிட்டாள்.

"வீட்டுக்குப் போகணும் தங்கச்சி. அதுக்கு இது அடங்கணும்," என்று நெஞ்சைத் தட்டினார்.

"உங்க தோட்டத்துல ஓடாத சாமான் ஏதாவது கிடக்கா?"

"சின்ன டிராக்டர் ஒண்ணு. புகைதான் விடும். இழுக்காது."

"கொண்டாங்க."

கொண்டுவந்தார். அவரையே பிரிக்கச் சொன்னாள்.

தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து வாங்கினார்கள். புதுப் பிஸ்டனும் வந்தது.

"சிலிண்டரைத் துடைச்சு வைங்க," என்றுவிட்டு அவள் வெளியூர் வேலைக்குப் போனாள்.

இவருக்குச் சும்மா இருக்க வருமா? மாவுபோல் நைசான உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். மூன்று நாள். உள்ளே பார்த்து மீசை சீவலாம் என்கிற அளவுக்கு ஆக்கினார்.

திரும்பி வந்தவள் பார்த்தாள். சொரசொரப்பான கல் ஒன்றை உள்ளே விட்டுச் சுற்றினாள். கண்ணாடியாய் மின்னிய சிலிண்டர் முழுக்கக் கீறல்.

"மூணு நாள் பாடு தங்கச்சி. கண்ணு தெரியலையா?"

"வழவழன்னு இருந்தா எண்ணெய் எதைப் பிடிச்சு நிக்கும்?"

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். நான்காவது தடவை போகும்போது கண்டக்டரே, "ஏறுதீரா, சும்மா வழியனுப்ப வந்தீரா?" என்று கேட்டுவிட்டார்.

திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஏழாவது இழுப்பில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. புகை துளி இல்லை.

ஆனால் வண்டி மொத்தமும் உதறியது. பக்கத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக நடந்து வாசலுக்கே வந்துவிட்டன.

"இந்த ஆட்டம் எப்போ நிக்கும்?"

"ஒத்தை சிலிண்டர் அண்ணாச்சி."

"நின்னாத்தானே வேலை முடிஞ்ச மாதிரி?"

"நிக்கணுமா?"

"நிக்கணும்."

சுவிட்சை அணைத்தாள்.

டிராக்டர் அசையாமல் நின்றது. ஒரு காக்கை வந்து அதன் மேல் உட்கார்ந்தது.

"இப்போ சரியா இருக்கா?"

ஆவுடையப்பன் காக்கையைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார்.

பிறகு கயிற்றை எடுத்துச் சுற்றினார். இழுத்தார். காக்கை பறந்தது. ஏறி உட்கார்ந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு. உழவு கிடக்கு."

"மனசு அடங்கிட்டுதா?"

"இல்ல," என்று கியரைப் போட்டார்.