தீபாவளி இதழுக்கு ஓர் அட்டை

கற்றுக்கொள்ள வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு. குருவென்றால் நரைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவர் ‘மேடம்’ என்பார், இவர் ‘அண்ணே’ என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் இல்லை.

மெஹருன்னிசா அட்டைப்படம் போட்டுவந்த பத்திரிகையின் பெயர் ‘செல்லக் கடை’. நாய், பூனை, கிளி, மீன் விற்கும் கடைக்காரர்களுக்கென்றே நடந்த பத்திரிகை. வருஷத்துக்கு நாலு இதழ்: வெயில், மழை, தீபாவளி, பொங்கல். அலுவலகம் சென்னையில், கொளத்தூர் மீன் கடைத் தெருவில், ஒரு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படியேறும்போதே மீன்தொட்டி வாசம் மூக்கில் ஏறும்.

தணிகாசலம் சிவகாசிக்காரர். இருபத்தாறு வருஷம் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் வரைந்த கை. அவர் வரைந்த லட்சுமி எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கினாளோ, கணக்கே கிடையாது. ஆனால் ஒரு படத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை. லட்சுமியின் காலடியில் ஏதாவது மளிகைக் கடையின் பெயர் இருக்கும். தன் பெயரை அச்சில் ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம்.

ஒருநாள் நண்பர் கடையில் மெஹருன்னிசா போட்ட வெயில் இதழைப் பார்த்தார். ஒரு மண்சட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு நாக்கு. அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் இவருக்கே தாகம் எடுத்துவிட்டது. அந்த வாரமே பஸ் ஏறிவிட்டார்.

பத்திரிகை முதலாளி வேதாந்தம் கறாரான ஆள். “ரெண்டு அட்டை போடுங்க. ஒண்ணாவது தேறிச்சுன்னு மெஹர் சொல்லட்டும், முதல் பக்கத்துல உங்க பேர் வரும். இல்லேன்னா வந்த பஸ்லயே ஊருக்குப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

முதலில் மழை இதழ் வந்தது. தணிகாசலம் ஒரு சண்டை மீனை வரைந்தார். ரத்தச் சிவப்பு உடம்பு, மயில்நீலத் துடுப்பு, விறைத்து நிற்கும் செவுள். ஒவ்வொரு செதிலுக்கும் தனித்தனியாகப் பளபளப்பு ஏற்றியிருந்தார்.

மெஹருன்னிசா பார்த்தார்.

“எப்படி மேடம்?”

“அச்சுக்குப் போகட்டும் அண்ணே.”

“தேறிச்சா?”

“கடைக்குப் போய்ச் சேரட்டும். பார்க்கலாம்.”

இதழ் வெளியானது. முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. தணிகாசலம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் வேறு. பதினேழு வயசு சின்னவள், தன்னைத் தொங்கலில் விடுகிறாளே என்று மனசுக்குள் குமைந்தார். ஆனாலும் அந்த மண்சட்டி நினைவுக்கு வந்தால் கோபம் தானாக இறங்கிவிடும். வித்தைக்காரியை எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஆவணியில் தீபாவளி இதழின் வேலை தொடங்கியது. தணிகாசலத்துக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. பட்டாசு ஊரில் பிறந்து, பட்டாசுப் பெட்டி வரைந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் ஆயிற்றே! ஒரே வாரத்தில் முடித்துக் கொண்டுவந்தார். தொப்பி போட்ட நாய்க்குட்டி ஒன்று முன்னங்காலில் கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிறது. பின்னால் புஸ்வாணம், சங்குசக்கரம், ராக்கெட். பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

படத்தை மேஜைமேல் விரித்தார். மெஹருன்னிசா ஏதும் சொல்வதற்கு முன்னால் மனசில் கிடந்ததைக் கேட்டே விட்டார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நல்ல அட்டைக்கு என்ன அடையாளம்?”

மெஹருன்னிசா மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க அண்ணே, கீழே போயிட்டு வரலாம்.”

கீழே பொன்னுரங்கத்தின் கடை. மீன், கிளி, நாய்க்குட்டி எல்லாம் அங்கே உண்டு. வாசலிலேயே கூட்டமாக இருந்தது. நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, இரண்டு காலேஜ் பையன்கள். எல்லாரும் ஒரு கண்ணாடி ஜாடியைச் சுற்றி நின்றார்கள்.

ஜாடிக்குள் ஒரு சண்டை மீன். ஜாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது மழை இதழின் அட்டை. தணிகாசலம் வரைந்த அதே மீன்.

நிஜ மீன் செவுளை விரித்துக்கொண்டு படத்து மீன்மேல் பாய்ந்தது. கண்ணாடியில் முட்டியது. பின்வாங்கியது. மறுபடியும் பாய்ந்தது. பிள்ளைகள் ‘ஹோ’வென்று கத்தினார்கள்.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“மேடம்! மீனே ஏமாந்துபோச்சு மேடம்!”

“வரைஞ்சது நீங்களா சார்?” என்று பொன்னுரங்கம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன கை சார் இது! பத்து நாளா இதே கூத்துதான். பார்க்க வர்றவன் ஒரு தொட்டியாவது வாங்காமப் போறதில்லை.”

தணிகாசலத்தின் வாயெல்லாம் பல். உடனே ஊருக்குப் போன் போட்டார். மனைவி மீனலோசனி எடுத்தாள்.

“ஏய், நான் வரைஞ்ச மீனை நிஜ மீனுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு மீன் நாள் பூரா சண்டை போடுது, தெரியுமா!”

“ஐயோ, பாவம்” என்றாள் அவள்.

இதில் பாவம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டு மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவர் பொன்னுரங்கத்திடம் ஒரு ஸ்டூல் வாங்கி ஜாடிக்கு எதிரே போட்டார்.

“உக்காருங்க அண்ணே.”

“எவ்வளவு நேரம்?”

“போதும்னு தோணுற வரைக்கும்.”

சொல்லிவிட்டு மெஹருன்னிசா மாடிக்குப் போய்விட்டார். அப்போது காலை மணி பத்து.

பதினோரு மணி வரை தணிகாசலம் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தால் இவரும் சிரித்தார். ஒரு சின்னப் பெண்ணிடம் “அது நான் வரைஞ்சது” என்றுகூடச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. கடையில் ஆள் இல்லை. மீன் மட்டும் ஓயவில்லை. பாய்ந்தது, முட்டியது, பின்வாங்கியது. இப்போதுதான் அவர் மீனைப் பார்த்தார். வால் நுனி நூல்நூலாகக் கிழிந்திருந்தது. முட்டி முட்டி மூக்கோரம் வெளுத்திருந்தது.

பொன்னுரங்கம் வந்து ஜாடிக்குள் தீனி போட்டார். மீன் திரும்பியும் பார்க்கவில்லை. தீனி ஊறி அடியில் போய்ப் படிந்தது.

“சாப்பிடலையே?”

“மூணு நாளா இப்படித்தான் சார். எதிரி எதிர்ல நிக்கறப்ப எப்படிச் சாப்பிடும்? மத்த ஜாடியெல்லாம் பாருங்க.”

பார்த்தார். சுவரோரம் இருபது சண்டை மீன் ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஜாடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு செருகியிருந்தது. ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால்தான் அவை பிழைக்கும்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. தான் செதில் செதிலாகப் பளபளப்பு ஏற்றியது இதற்குத்தானா? படத்து மீனுக்கு ஓய்வு வேண்டாம், பசி கிடையாது, வால் கிழியாது. அதோடு மோதி இது எப்போது ஜெயிக்கப் போகிறது?

எழுந்தார். ஜாடிக்குப் பின்னால் கையை விட்டார்.

“சார், சார், என்ன பண்றீங்க? உங்க படம் சார் அது! ஜனம் அதுக்குத்தான் வருது!”

“வரட்டும். வேற ஏதாவது காட்டுங்க.”

பிய்த்து எடுத்தார். பசை ஒட்டியிருந்ததால் குறுக்கே கிழிந்துவிட்டது.

மீன் இன்னொரு தடவை பாய்ந்தது. எதிரே ஒன்றும் இல்லை. அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்ல இறங்கி அடியிலிருந்த கல்லில் வயிற்றைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. தணிகாசலம் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் ஆனது. மீன் எழுந்து வந்து அடியில் கிடந்த தீனியில் ஒன்றைக் கவ்வியது. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குக்கூட அவர் இப்படி நிம்மதிப்பட்டாரா, தெரியாது.

“பொன்னுரங்கம், தீபாவளி அன்னிக்கு இங்கே எப்படி இருக்கும்?”

பொன்னுரங்கம் சிரித்தார்.

“அதை ஏன் கேக்கறீங்க! ஊருக்கெல்லாம் தீபாவளி, எங்களுக்குக் காவல். விளக்கு வைக்கிற நேரம் வந்தா ஷட்டரைப் பாதி இறக்கிடுவேன். வீட்டுல இருக்கிற பெட்ஷீட்டெல்லாம் கொண்டாந்து கூண்டு கூண்டா மூடுவேன். ரேடியோவை மெல்லிசா பாட வச்சுட்டு உள்ளேயே உக்காந்துக்குவேன். ஆள் பக்கத்துல இருந்தா அதுங்களுக்குக் கொஞ்சம் தைரியம். என் சம்சாரம் பலகாரத்தை டப்பாவுல குடுத்தனுப்பிடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவகூட ஒரு மத்தாப்பு கொளுத்தினதில்லை சார். கேட்டுப் பாருங்க, இன்னிக்கும் திட்டுவா.”

தணிகாசலம் எழுந்தார். படியேறி மாடிக்குப் போனார்.

“மேடம், அந்த அட்டையைக் கிழிச்சுட்டேன்.”

“டீ குடிக்கிறீங்களா அண்ணே?”

குடித்தார். பிறகு மேஜைமேல் கிடந்த மத்தாப்பு நாய்க்குட்டியைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார். மெஹருன்னிசா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் புதுப் படம் வந்தது.

தெரு இருட்டத் தொடங்கியிருக்கிறது. மேலே, எட்டாத தூரத்தில், வானமெல்லாம் வாணப்பூ. கீழே ஒரு கடை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்த இடைவெளியில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது மடியளவு தெரிகிறது. புது வேட்டி, அதன் ஓரத்தில் மஞ்சள் தடவிய கறை. பக்கத்தில் திறந்த பலகார டப்பா, ஒரு சின்ன ரேடியோ. அவருக்குப் பின்னால் பூப்போட்ட பெட்ஷீட்கள் மூடிய கூண்டுகள். ஒரு வால் இல்லை, ஒரு காது இல்லை, ஒரு இறகு இல்லை.

மெஹருன்னிசா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், சத்தம் வந்த தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. வேதாந்தம் வந்துவிட்டார். அவர் வந்தால் தெருமுனை வரை கேட்கும்.

“என்ன மெஹர், தீபாவளி அட்டை ரெடியா? எங்கே, காட்டுங்க!” படத்தை எடுத்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். “இது என்ன? நாய் எங்கே? பூனை எங்கே? கிளியாவது உண்டா? பிராணி விக்கிறவனுக்குப் பத்திரிகை நடத்தறோம், அட்டையில ஒரு பிராணியும் இல்லைன்னா ஊர் சிரிக்காதா?”

“சார்...” என்றார் தணிகாசலம்.

“நீங்க பேசாதீங்க! ரெண்டாவது அட்டையும் போச்சா? ஒரு நாயாவது போட்டுக் குடுங்க, உங்க பேரைப் போடறேன். இல்லேன்னா பஸ் டிக்கெட்டை நானே எடுத்துத் தரேன்.”

இருபத்தாறு வருஷ ஏக்கம், ஒரு நாயில் வந்து நிற்கிறது. தணிகாசலம் பிரஷைக் கையில் எடுத்துவிட்டார். மெஹருன்னிசா பக்கம் திரும்பினார்.

“மேடம், இந்தப் பெட்ஷீட் ஓரத்துல ஒரு குட்டியோட மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியற மாதிரி வைக்கட்டுமா? ரெண்டே தொடல்தான்.”

மெஹருன்னிசா குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார்.

“வேண்டாம் அண்ணே. இப்பத்தான் கண் அசந்திருக்கும்.”

வேதாந்தம் படத்தை மேஜையில் வைத்தபோது சத்தம் வராமல் வைத்தார். கொஞ்ச நேரம் அந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் சாய்ந்து கேட்டார். அந்தத் தெருவில் அவர் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

“இனிஷியல் என்ன போடணும்?”

“சு” என்றார் தணிகாசலம், அவரும் ரகசியமாக.