ஆள் வராத பச்சை இஞ்சின்

நூல் வியாபாரி அர்த்தநாரி அன்றைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கொதித்துக்கொண்டுதான் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியைக்கூட ரெண்டோடு நிறுத்திக் கையைக் கழுவிவிட்டார். கணபதிப் பகுதியில் இருக்கும் ஜெசிந்தாவின் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், குறுக்கே வந்த ஆட்டோக்காரருக்கும் சிவப்பு விளக்குக்கும் ஆளுக்கொரு திட்டு விழுந்தது.

ஜெசிந்தாதான் அவருக்குக் குரு. யாரும் சிரிக்க வேண்டாம். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்தாறு, இருக்கட்டுமே! உள்ளங்கைக்குள் அடங்குகிற மாடல் ரயில் இஞ்சினுக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மோட்டார் இருக்கும். அது எரிந்துபோனால் மறுபடி செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி ஓட வைக்கக் கோயமுத்தூரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. தண்டவாளம் பூட்டுவது, வளைவில் கவிழாமல் ஓட்டுவது, வயர் பற்ற வைப்பது எல்லாம் அர்த்தநாரி அவளிடம் கற்றதுதான். நாலு பேர் முன்னால் “எங்க வாத்தியாரம்மா” என்பார். தனியாக இருந்தால் “அம்மிணி.”

அவள் மேசையில் குனிந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்ணா, காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்குது?”

“பின்னே எப்படி இருக்கும்? என் மச்சான் பொம்மைங்கறான், அம்மிணி. பொம்மை! முப்பது வருஷமா நான் சேத்து வச்சது பொம்மையாமா!”

“எதுக்கு அப்படிச் சொன்னாரு?”

எதுக்கா? அர்த்தநாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி தெய்வானைக்கு வருகிற வியாழக்கிழமை மூட்டு மாற்று ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு மாசம் மாடிப்படியில் காலை வைக்கக் கூடாது. கீழே படுக்கையறை ஒன்றே ஒன்று. பாத்ரூமும் அதற்குள்தான். அந்த அறை முழுக்க ரயில். சுவரைச் சுற்றி மேசை போட்டுத் தண்டவாளம், அதற்கு மேலே கூரை முட்டத் தட்டுகள், மீதி இருந்த தரையில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். நேற்று பொள்ளாச்சியிலிருந்து தங்கையைப் பார்க்க வந்த மச்சான் அந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம்.

“என்ன சொன்னான் தெரியுமா? ‘ஆபரேஷன் முடிஞ்சதும் தெய்வானையை நேரா எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன் மாப்ள. எங்க வீட்டு ரூம்ல பொம்மை இல்லை, கட்டில்தான் இருக்குது’ங்கறான். எங்கிட்டயே! கட்டின புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். அவ அண்ணன் வீட்ல போய்ப் படுத்தா ஊர்ல ஒருத்தன் என்னை மதிப்பானா?”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“அவளா? அவ எப்பவும்போல அமைதி. அவன் போன பொறகு வந்து, ‘இன்னும் எத்தனை வாங்கினா உங்களுக்குப் போதும்னு எனக்குக் கேக்கத் தெரியலை. நீங்களே உங்க வாத்தியாரம்மாகிட்டக் கேளுங்க. அது சொல்றதுக்கு நானும் கட்டுப்படறேன், நீங்களும் கட்டுப்படுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் சின்னதாக ஒரு தெம்பு வந்தது. உள்ளுக்குள் கணக்கு வேறு. ரயில் பிடித்தவள் ரயில் பிடித்தவனை விட்டுக் கொடுத்துவிடுவாளா என்ன?

“அதனால நீயே சொல்லு. இந்த ரயில் வாங்கறதை மனுசன் எப்ப நிறுத்தறது?”

ஜெசிந்தா மறுபடி மேசைமேல் குனிந்தாள். கம்பியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, நுனியைக் கத்தரித்தாள்.

அர்த்தநாரிக்குப் பளிச்சென்று பட்டது. குருமார்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், செய்து காட்டுவார்கள். அது தெரியாதவரா அவர்?

“புரிஞ்சுது அம்மிணி. எத்தனை சுத்து வேணுமோ அத்தனை சுத்துத்தான். அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தினாலும்...”

“இது மிக்ஸி மோட்டாருங்ணா. மத்தியானம் குடுக்கணும்.”

அவருக்கு முகம் சுருங்கிப் போனது. தேடி வந்தவரை இப்படி அவமானப்படுத்துவதா?

“சரி, நேராவே கேக்கறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கறேன். வீட்டு ரூம்ல போட்டிருக்கற மலைப்பாதை ஏத்தத்துல பத்து கோச்சை இழுக்கற மாதிரி ஒரு இஞ்சின். அதோட முடிஞ்சது. வீட்ல நீ அப்படிச் சொன்னீன்னு சொல்லிக்கறேன்.”

“போன தடவையும் ஒண்ணே ஒண்ணுன்னுதானுங்க சொன்னீங்க.”

“அது வேற ஒண்ணு!”

ஜெசிந்தா மிக்ஸி மோட்டாரைத் தள்ளி வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பச்சை நிற நீராவி இஞ்சின் இருந்தது. மேசை ஓரத்தில் மோட்டார் சோதிப்பதற்காக நாலடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தாள். அதன்மேல் இஞ்சினை வைத்துக் குமிழைத் திருகினாள்.

அது ஓடியது. ஓடியது என்று சொன்னால் போதாது. சத்தமே இல்லாமல், ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் எடுத்த எடுப்பில் கிளம்பி, கடைசியில் போய் மெதுவாக நின்றது. சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற கம்பிகள் பளபளவென்று போய் வந்தன.

அர்த்தநாரி எழுந்து நின்றுவிட்டார். மச்சானாவது, பொம்மையாவது! எல்லாம் பறந்துபோனது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அடேயப்பா! அம்மிணி, இன்னொரு தடவை ஓட்டு.”

ஓட்டினாள்.

“எங்கிட்டயும் இதே இஞ்சின் ஒண்ணு இருக்குது. ஆனா அது இந்தளவுக்கு ஓடாது. கரகரன்னு இழுக்கும். இதையும் அதையும் முன்னும் பின்னும் ஜோடியாப் பூட்டிவிட்டா பத்து கோச் என்ன, பதினஞ்சு கோச் ஏத்தம் ஏறிப் போயிருமே! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். யாரோடது?”

“ஒருத்தரு ரிப்பேருக்குக் குடுத்தாருங்க. சரி பண்ணி வச்சிட்டேன். இன்னும் ஆள் வரலை.”

“எத்தனை நாளாச்சு?”

“ஒன்றரை வருஷமாச்சுங்ணா.”

“ஒன்றரை வருஷமா?”

அவ்வளவுதான். அடங்கியிருந்த கோபமெல்லாம் திரும்பி வந்து மூக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது.

“எவன் அவன்? இப்பேர்ப்பட்ட பொருளைக் குடுத்துட்டு ஒன்றரை வருஷம் திரும்பிப் பாக்கலையா? என்ன திமிரு! பணம் இருக்குதுன்னு வாங்கிப் போடறது, பொறகு எங்க வச்சோம்னே தெரியாமப் போறது. இவனையெல்லாம் என்ன பண்ணலாம்?”

“நல்ல மனுசருங்ணா அவரு.”

“என்ன நல்ல மனுசன்? பெத்த புள்ளையை பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கறவன் நல்ல மனுசனா? நீ அவனுக்குப் பரிஞ்சுட்டு வராதே. எனக்கு வயிறு எரியுது.”

“அவரை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க.”

“சொல்றேன். இனி அவனுக்கு ஒரு இஞ்சினைக் கண்ல காட்டக் கூடாது. தண்டவாளத்துல ஒரு துண்டுகூடக் குடுக்கக் கூடாது. ரயில் சேக்கற நம்மாளுக அத்தனை பேர்கிட்டயும் நானே சொல்லி வைக்கறேன். அருமை தெரிஞ்சவன் நான், இந்த இஞ்சினை எங்கிட்டக் குடுத்துரு. அவன் பேர் என்ன? சொல்லு, இன்னிக்கே வீட்டுக்குப் போய் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்.”

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வருகிற எதுவாக இருந்தாலும், பம்புசெட் மோட்டாரானாலும் இஞ்சினானாலும், பேர் எழுதிய அட்டை ஒன்றை நூலில் கோத்துக் கட்டிவிடுவாள். ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து, இஞ்சினிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

அர்த்தநாரி படித்தார். அவர் பேர். அவர் போன் நம்பர். அதற்குக் கீழே ‘கரகரன்னு சத்தம்’ என்று எழுதியிருந்தது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி மேசையில் வீசினார்.

“தப்பு! அட்டை மாறிப் போச்சு. என்னோடது வீட்ல இருக்குது. மூணாவது தட்டு, ஜன்னல் பக்கம். என் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“இருக்கலாமுங்க.”

“இருக்கலாமா? நான் என்ன பொய்யா சொல்றேன்? இரு, இப்பவே காட்டறேன்.”

போனை எடுத்தார். குருவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏம்புள்ளே, ரயில் ரூமுக்குள்ள போய்ப் பாரு. மூணாவது தட்டுல ஜன்னல் பக்கம் பச்சை இஞ்சின் இருக்குதல்ல? இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“நான் எப்படிங்க உள்ள போறது?” என்றாள் தெய்வானை. “வாசல்லயே அட்டைப்பெட்டி நெஞ்சுமட்டும் நிக்குது. இந்தக் காலை வச்சுட்டுத் தாண்ட முடியுங்களா?”

“சரி சரி, தாண்ட வேண்டாம்.”

“பச்சை இஞ்சின்னா எது? டிரைவர் நிக்கற கூண்டு மேல ஒரு கீறல் இருக்குமே, அதுங்களா?”

அர்த்தநாரியின் கண் அவரைக் கேட்காமலே மேசைக்குப் போனது. கூண்டின் கூரையில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல் இருந்தது.

“அது வீட்ல ஏதுங்க? போன வருஷம் தைப்பூசத்தன்னிக்கு அந்த அம்மிணிகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. நாந்தான் என் பழைய சேலையைக் கிழிச்சுச் சுத்திக் குடுத்தேன். எப்ப வரும், எப்ப வரும்னு நானும் பாத்துட்டேதான் இருந்தேன். கேட்டா வள்ளுன்னு விழுவீங்கன்னு கேக்கலை. சரியாயிருச்சுங்களா? இப்ப ஓடுதுங்களா?”

“ம்” என்றார். போனை வைத்துவிட்டார்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவருக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்று சத்தம் போட்டார்.

“என் பொருளை எனக்கே காட்டி, என் வாயாலேயே என்னைத் திட்ட வச்சு வேடிக்கை பாக்கறயா? இதுதான் நீ குருவா இருக்கற லட்சணமா? ஒன்றரை வருஷமா உனக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா?”

“மூணு தடவை பண்ணினனுங்க. மூணு தடவையும் எடுத்ததும், ‘புதுசா என்ன வந்திருக்குது அம்மிணி’ன்னு கேட்டீங்க. ஒண்ணும் வரலைன்னேன். அடுத்த வார்த்தை சொல்றதுக்குள்ள வச்சுட்டீங்க.”

அது உண்மைதான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

“சரி, விடு! நான் ஒண்ணு கேட்டுட்டுத்தான இங்க வந்தேன்? அதுக்கு இன்னும் நீ பதில் சொல்லலை. எப்ப நிறுத்தறது? வீட்ல போய் அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

ஜெசிந்தா தண்டவாளத்திலிருந்து இஞ்சினை எடுத்தாள். இழுப்பறையில் மடித்து வைத்திருந்த சேலைத் துண்டை விரித்து, அதில் இஞ்சினை வைத்துச் சுற்றினாள்.

அர்த்தநாரி கையை நீட்டினார்.

“குடு. என் இஞ்சினைக் குடு, நான் போறேன்.”

அவள் கொடுக்கவில்லை.

“உங்களுது மூணாவது தட்டுல இருக்குதுங்ணா. இது அக்காவோடது. அவங்க கையிலதான் குடுப்பேன்.”

“விளையாடறயா? அவளுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அவ எப்படி இங்க வருவா?”

“அக்கா வர வேண்டாமுங்க. ஆபரேஷன் முடிஞ்சு அவங்க எந்த வீட்டுக்குப் போறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்.”