எந்த மாட்யூலை மாட்டுவது?

"டீச்சர், இந்த மூணுல எது டூப்ளிகேட் சாமான் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சென்னியப்பன் மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். போட்டார்.

ஜெசிந்தா டீச்சர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

"யாரு மேல கோவம்ணா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. வயிறு எரியுது."

சென்னியப்பன் ஐம்பதைத் தாண்டியவர். சிங்காநல்லூரில் சொந்தப் பட்டறை. டீச்சருக்கு அவருடைய மகள் வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு, சொகுசுக் கார்களின் வயரிங் வேலைக்கென்றே ஒண்டிப்புதூரில் ஷெட் போட்டவர்.

கார்களுக்குள் கம்ப்யூட்டர் குடியேறிய காலத்தில், சென்னியப்பன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு இந்த ஷெட்டுக்கு வந்தார். "எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த விஷயத்தில் அவர் பெரிய மனுஷன்தான்.

கோபம் வந்துவிட்டால் அந்தப் பெரிய மனுஷன் எங்கே போய் ஒளிந்துகொள்வார் என்று தெரியாது.

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"வெளியில கட்டி இழுத்துட்டு வந்திருக்கேனே, அந்தக் கார். ஓனரு அவரோட சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. மேம்பாலத்து நடுவுல நின்னுபோச்சு. பின்னாடி பஸ்ஸு, லாரி, ஹாரன் சத்தம். கடைசியில சம்பந்தியே எறங்கித் தள்ளுனாருங்க. பட்டு வேட்டியோட."

"காரணம்?"

"மாட்யூல்."

இந்தக் கார்களில் பெட்ரோல் டேங்குக்குள் ஒரு பம்பு இருக்கும். அதுதான் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும். எந்த நேரத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று பார்த்து அந்தப் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிற சின்னப் பெட்டிதான் மாட்யூல். உள்ளங்கையில் அடங்கிவிடும். அது செத்தால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் சம்பந்தி இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

"முதல்ல காரோட வந்த மாட்யூல் போச்சு. சரி, அதுக்கும் வயசாயிருக்கும்னு புதுசு போட்டேன். அதும் போச்சு. கோவர்த்தனன் கடையில வாங்குனது. ஒரிஜினல்னு சொல்லி டூப்ளிகேட்டை எந்தலையில கட்டிட்டான்."

கோவர்த்தனன் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அவரும் சென்னியப்பனும் ஒரே சமயத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். இவர் கல்யாணப் பந்தியில் அவர் பரிமாறினார், அவர் கல்யாணப் பந்தியில் இவர் பரிமாறினார். அப்படிப்பட்ட பழக்கம்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"திருடன்கிட்ட என்னத்தைக் கேக்கறதுங்க?"

"கேக்கலை."

"பட்டறைக்காரங்க சங்கத்துல சொல்லிட்டேன். போன கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, எல்லார் முன்னாடியும் சொன்னேன். கேட்டுட்டு அத்தனை பேரும் கொதிச்சுட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் தீர்மானம் போடறோம். இனிமே இந்த ஊர்ல ஒரு பட்டறைக்காரன் அவன் கடைப்படி ஏற மாட்டான்."

"அப்புறம் அவர் கடை?"

"மூடிட்டுப் போறான்."

அதைச் சொன்னபோது சென்னியப்பன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவர் முகத்தில் வருமே, அது. எனக்கு அந்தத் திருப்தியைக் கண்டாலே ஆகாது.

டீச்சர் முதல் பெட்டியைப் பிரித்தார். மாட்யூலைத் திருப்பி, முதுகில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தார்.

"இது வேற கம்பெனி பண்ணினது. நல்ல கம்பெனிதான். ஆனா நம்பரோட கடைசி எழுத்து வேற. இந்த வண்டிக்குச் சேராது."

இரண்டாவதைப் பிரித்தார்.

"இது அடிபட்ட கார்ல இருந்து கழட்டினது."

"பழசுதான். ஆனா அசல். அதுல சந்தேகமே இல்லீங்க."

"அசல்தான். ஆனா இன்னொரு காருக்குப் பழகினது. இந்தக் கார் இதைத் தெரியாதுன்னு சொல்லிடும். கம்ப்யூட்டர் போட்டு புதுசாப் பழக்கணும். பழகினாலும் உள்ளே எவ்வளவு உயிர் பாக்கின்னு யாருக்கும் தெரியாது."

மூன்றாவதைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சரி. நம்பர் சரி, சாமானும் சரி."

சென்னியப்பன் கையை நீட்டினார். "அது போதும். இதை மாட்டிடறேன்."

"மாட்டுங்க. இதுவும் செத்துடும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"இப்பத்தானே சரின்னு சொன்னீங்க?"

"சரியானதும் சாகும். செத்த ரெண்டையும் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வந்திருந்தார். சாயங்காலக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுவதற்காகப் பையில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் மெல்லிய கத்தியை விட்டு இரண்டின் மூடியையும் பிளந்தார். மேசை விளக்கை இழுத்து அருகில் வைத்தார்.

"எங்க கருகியிருக்கு?"

சென்னியப்பன் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ரெண்டுலயும் ஒரே எடத்துலதாங்க."

"மின்சாரம் உள்ளே வர்ற பக்கமா, வெளியே போற பக்கமா?"

"வெளியே போற பக்கம். பம்புக்குப் போற பக்கம்."

"இதுல எது காரோட வந்தது, எது கோவர்த்தனன் குடுத்தது?"

சென்னியப்பன் இரண்டையும் இரண்டு கைகளில் எடுத்துப் பார்த்தார். மாற்றி வைத்துப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோபத்தில் இருக்கிறவர்கள் அவ்வளவு சுலபமாக நிறுத்துவதில்லை.

"ஆனா டீச்சர், கார் கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் போட்டுப் பாத்தனே. மாட்யூல்தான் கோளாறுன்னு அது பேரைத்தானே சொல்லுச்சு?"

"ஸ்கேனருக்கு யார் சொன்னாங்க?"

"மாட்யூல்தான்."

"என்னன்னு சொல்லியிருக்கும்?"

"என்னால முடியலைன்னு."

"முடியலைன்னு சொல்லி வந்ததைக் கழட்டி எறிஞ்சுட்டீங்க. அடுத்து வந்ததும் அதையேதான் சொல்லுச்சு. அதையும் எறிஞ்சுட்டீங்க. இப்ப மூணாவது எதுன்னு என்கிட்ட கேக்கறீங்க."

டீச்சர் எழுந்து வெளியே போனார். சென்னியப்பன் பின்னாலேயே போனார்.

டீச்சர் மாட்யூலே இல்லாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரைப் போட்டுப் பம்பை ஓட விட்டார். வயரைச் சுற்றி மின்சாரத்தை அளக்கிற மீட்டரை மாட்டினார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து பம்பு முனகியது. காய்ச்சல்காரர் முனகுகிற மாதிரி இருந்தது.

"மீட்டரைப் படிங்க."

"இழுக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு இழுக்குதுங்க."

சொன்னதும் சென்னியப்பனின் முகம் பிரகாசமானது.

"அப்ப பம்புதான். பம்பு செஞ்சவன்தான் ஏமாத்திட்டான். இவ்வளவு பெரிய காருக்கு இப்பிடி ஒரு பம்பா? நான் சும்மா விட மாட்டேன் டீச்சர்."

குற்றவாளி கிடைத்துவிட்டால் போதும் அவருக்கு. பழைய குற்றவாளி என்ன ஆனார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் பம்பிலிருந்து போகிற குழாயைப் பின் சீட்டுக்கு அடியிலேயே கழற்றினார். அதன் வாயை ஒரு கேனுக்குள் விட்டு, பம்பை மறுபடி ஓட விட்டார். பெட்ரோல் சீராகக் கொட்டியது. முனகல் நின்றுவிட்டது.

"இப்ப படிங்க."

"இறங்கிருச்சு. எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்குது."

"பம்பு?"

"நல்ல பம்புங்க."

"பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"பில்டர்."

"எடுத்துட்டு வாங்க."

இந்தக் காரில் பெட்ரோலை வடிகட்டுகிற பில்டர் வண்டிக்கு அடியில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் அடித்தட்டைக் கழற்ற வேண்டும். அடித்தட்டு முழுக்க ஸ்குரூ. பழுது பார்க்கிறவன் மேல் ஏதோ பழைய பகை இருந்தவர்தான் அதை வடிவமைத்திருக்க வேண்டும். சென்னியப்பன் அட்டையை விரித்துப் படுத்து, ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே கழற்றினார்.

பில்டரோடு வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண். டீச்சர் ஒரு வெள்ளை டப்பா மூடியை நீட்டினார். சென்னியப்பன் பில்டரை அதில் கவிழ்த்தார்.

கறுப்பாக, கூழாக விழுந்தது. இந்த அடைப்பை முட்டித் தள்ளத்தான் பம்பு ரெண்டு மடங்கு மின்சாரம் இழுத்து, மாட்யூலைக் கருக்கியிருக்கிறது.

"பாத்தீங்களா? கலப்படப் பெட்ரோல். அந்த பங்க்காரன் குடும்பம் நல்லா இருக்குமா? அவனை முதல்ல..."

"இது ஒரு நாள்ல சேர்ற கசடாண்ணா?"

சென்னியப்பன் விரலால் தொட்டுப் பார்த்தார். தேய்த்துப் பார்த்தார்.

"இல்லீங்க. ரொம்ப வருசத்துக் கசடு."

"கடைசியா இந்த வண்டியை சர்வீஸ் பண்ணினது யாரு?"

எதிரே ரோட்டில் ஒரு டவுன் பஸ் போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்."

"பில்டர்?"

"இத்தனை ஸ்குரூ. யாரு கழட்டறதுன்னு அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் அடுத்த தடவைன்னுதான் விட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. வெள்ளை மூடியை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்னியப்பன் தப்பை ஒத்துக்கொள்ளாத ஆள் இல்லை. அவரே வாய்விட்டுச் சொன்னார்.

"சரி டீச்சர். என் தப்புத்தான். பில்டர் புதுசு போட்டு, இந்த மாட்யூலை மாட்டி, கூலி வாங்காம குடுத்துடறேன். ஓனர்கிட்டயும் நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன். சம்பந்திகிட்ட மன்னிப்பு கேக்கணும்னாலும் கேக்கறேன்."

சொல்லிவிட்டுக் குழாயடியில் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முகத்தையும் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வந்தபோது ஆள் தெளிந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டிக்கு நியாயம் கிடைத்தது. ஓனருக்குக் கிடைத்தது. பட்டு வேட்டி கட்டிய சம்பந்திக்குக்கூடக் கிடைத்தது. ஆனால் திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறாரே, அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சாயங்காலக் கூட்டம்?" என்றார் டீச்சர்.

"அதை நான் பக்குவமா பாத்துக்கறேங்க."

"பக்குவமான்னா?"

"சங்கத்துல நான் துணைத் தலைவருங்க. அன்னைக்கு அத்தனை பேச்சுப் பேசிட்டு, இன்னைக்குப் போய் நான்தான் பில்டரை மாத்தலைன்னு சொன்னா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? மெதுவா ஆறப் போட்டா அவங்களே மறந்துடுவாங்க."

டீச்சர் மீட்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

சென்னியப்பனின் போன் அடித்தது. சங்கச் செயலாளர் லோகநாதன். குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, எல்லாரும் வந்தாச்சு. தீர்மானத்தைப் படிச்சும் காட்டியாச்சு. புகார் சொன்னவர் நீங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சுடலாம்."

"லோகு, இன்னைக்கு வேண்டாம். தள்ளிப் போட்டுக்கலாம். இன்னும் கொஞ்சம் பாக்க வேண்டியிருக்குது."

"அதுக்கென்னங்ணா, அடுத்த மாசம் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் யாரும் அவர்கிட்ட சாமான் வாங்க வேண்டாம்னு சொல்லிடறேன். அவரையும் கெளம்பச் சொல்லிடறேன்."

சென்னியப்பன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அவன் அங்க வந்திருக்கானா?"

"மத்தியானமே வந்துட்டாருங்ணா. கையில ஒரு புதுப் பெட்டி வெச்சிருக்காரு. சென்னியப்பனுக்கு வண்டி நிக்குதாமா, முதல்ல இதைக் கொண்டுபோய் மாட்டட்டும், சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்னு சொல்றாரு. நாங்க யாரும் வாங்கலை."

டீச்சர் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"எங்க நிக்கிறார்னு கேளுங்க."

சென்னியப்பன் கேட்டார்.

"வாசல்லதாங்ணா. உள்ளே விடலை."

சென்னியப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இவரைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் லோகு."

"சொல்லுங்ணா."

"அவனை உள்ளே கூப்பிடு. என் சேர்ல உக்கார வெய்யி. அப்புறம் போனை ஸ்பீக்கர்ல போடு."