இரண்டு தூண்டிலுக்கும் ஒரே மீன்

ஏரி எது, வானம் எது என்று தெரியாதபடி பனி இறங்கிக் கிடந்த காலை. எஸ்டேட் முதலாளி அரங்கநாயகத்தைப் படகில் உட்காரவைத்துக் குருவம்மா துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள்.

“ஆழத்து மீனுக்குத் தூண்டில்ல கம்பி கட்டணுமா, பின்னல் நூலா? எது உசத்தி, சொல்லு! கம்பி என் மாமனார் தந்தது, நூல் கலெக்டர் தந்தது. எதைக் குறை சொன்னாலும் நாளையிலிருந்து உனக்குப் படகு கிடையாது” என்றார் முதலாளி.

“கம்பி தன் கனத்துலயே அடிக்குப் போயிடும். நூலு, மீன் மூச்சுவிட்டாலும் விரலுக்குச் சொல்லும். கைக்கு ஒண்ணா ரெண்டையும் விடுங்க முதலாளி, ஏரியே சொல்லட்டும்.”

விட்டார். அவள் தூக்கத்தில் நடப்பவள் போலப் படகை மெல்ல வட்டமடிக்க வைத்தாள். பச்சை இருட்டுக்குள் எங்கோ இரண்டு தூண்டில் முள்ளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. அவர் வலக்கையை இழுத்தால் இடக்கை வெடுக்கென்று தண்ணீர்ப் பக்கம் போனது. இடக்கையை இழுத்தால் வலக்கை போனது.

“ரெண்டுலயும் மாட்டிடுச்சு! ராட்சச மீன்!” என்று பனி கலையக் கத்தினார்.

வியர்க்க வியர்க்க இழுத்ததில் மேலே வந்தவை, கோத்துக்கொண்ட வெறும் முட்கள்.

“ரெண்டும் உசத்திதான் முதலாளி” என்றாள் குருவம்மா, துடுப்பை நிறுத்தாமல். “ரெண்டும் ஒரே மீனைத்தான் பிடிச்சிருக்கு. துள்ளாம உக்காருங்க, கரை சேர்த்துடறேன்.”