மொனார்க் முகமும் லொறி நெஞ்சும்

உறைந்த ஏரிகளின் மேல் கார்ப் பந்தயம் விடும் கனடா நாட்டில், தான் யார் என்று தெரியாத கார் ஒன்று முன்பு இருந்தது.

வடக்கு ஒன்டாரியோவில், ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலுக்குள் அது பல காலம் படுத்துக் கிடந்தது. அங்கே இருந்தவரை அதற்கு இந்தக் கவலை இல்லை. எலிகள் இருக்கைக்குள் குட்டி போட்டன. பனி வந்தது, போனது. நீ யார் என்று எலியும் கேட்கவில்லை, பனியும் கேட்கவில்லை.

பண்ணை கைமாறியதும் புதிய சொந்தக்காரர் காரை விற்றுவிட்டார். வாங்கியவள் பவளராணி. ஸ்காபரோவில் காருக்குத் தகரம் தட்டி வண்ணம் அடிக்கும் பட்டறை வைத்திருந்தாள். தகரமும் வண்ணமும் அவள் பொறுப்பு. எஞ்சின் வேலை அவளுடைய தம்பி ஜெயரூபனின் பொறுப்பு. ஊரில், கரவெட்டியில் இருந்தபோது ஒரு சைக்கிளுக்குக் கூடச் சண்டை பிடித்த இருவரும் இங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள்.

காரை இறக்கியதும் ஜெயரூபன் அதை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு மறுபக்கமாகவும் ஒருமுறை சுற்றினான்.

"என்ன கார் தம்பி இது?" என்றாள் பவளராணி.

"அதைத்தான் அக்கா பாக்கிறன். முன்னாலை நிண்டு பாத்தால் மொனார்க் கார். பின்னாலை விளக்கைப் பாத்தால் பொன்ரியாக். நடுவிலை மீட்டியர் மாதிரிக் கிடக்கு."

"எஞ்சின்?"

அவன் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தான். "இது காரின்ரை எஞ்சினே இல்லை. லொறி எஞ்சின்."

"கூரை ஏன் இப்பிடிப் பதிஞ்சு கிடக்கு?"

"வெட்டி இறக்கியிருக்கினம். அந்தக் காலத்திலை இஞ்சை அது ஒரு பைத்தியம். கிடைச்ச காரெல்லாத்தையும் வெட்டி ஒட்டி, பெரிய எஞ்சின் வைச்சு ஓடுறது. ஹொட் ரொட் எண்டு சொல்லுவினம்."

கார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இதுவரை தன்னை ஒரு கார் என்று மட்டுமே நினைத்திருந்தது. இப்போது நான்கு பெயர்கள் காதில் விழுந்துவிட்டன. அதில் ஒன்றாவது தன்னுடையதா என்று அதற்குத் தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் சாப்பிட உள்ளே போனதும் கார் மெல்லக் கேட்டது. "நாம் யார்?"

"இதில் என்ன சந்தேகம்?" என்றது முன்பக்கத்துக் கிரில். அது அகலமான பல்வரிசை போல வெயிலில் மின்னியது. "முகத்தைப் பார்த்துத்தான் எவரையும் அறிவார்கள். முகம் மொனார்க். ஆகவே நாம் மொனார்க்."

"முகம் மூச்சு விடுமா?" என்றது லொறி எஞ்சின். அதன் குரல் கரகரத்தது. "நான் இழுக்காவிட்டால் நீ சுவரில் மாட்டும் அலங்காரம். நாம் லொறி."

"போகிறவர்களை உலகம் பின்னாலிருந்துதான் பார்க்கிறது" என்றன பின்விளக்குகள் இரண்டும் ஒன்றாக. "பந்தயத்தில் தோற்றவர்கள் கண்டது எங்களைத்தான். அவர்களைக் கேளுங்கள்."

"உங்கள் எல்லோரையும் தாங்கிக்கொண்டு நிற்பது யார்?" என்றது உடம்பின் தகரம். "நான் மீட்டியர். நீங்கள் எல்லாம் வந்து ஏறியவர்கள்."

"அப்படியானால் முதலில் கேள்வி கேட்டது யார்?" என்றது எஞ்சின். "நீயா?"

தகரம் யோசித்தது. "நான் கேட்கவில்லையே."

"நானும் கேட்கவில்லை" என்றது கிரில்.

கார் இன்னும் குழம்பிப் போனது. கேட்டது தான்தான் என்று அதற்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்தத் 'தான்' எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடியபோது, கை வைத்த இடமெல்லாம் வேறொருவருடையதாக இருந்தது.

அப்போது கதவின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. அது துரு.

"இவர்கள் பேச்சை விடு" என்றது துரு. "எல்லோரும் எங்கிருந்தோ வந்து ஒட்டியவர்கள். உனக்குள்ளிருந்தே பிறந்தவன் நான் ஒருவன்தான். கொட்டிலில் உன்னை விட்டு ஒரு நாளும் நான் பிரிந்ததில்லை. நீ யார் என்று கேட்டால், நான்தான் நீ. கொஞ்சம் பொறு. எல்லாம் நானாகிவிடும். பிறகு குழப்பமே இராது."

 துரு சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாகக் காருக்குத் தெரியவில்லை. அதுதான் அதற்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை அருளானந்தம் வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர். அவருடைய கொட்டகையில் நிற்கும் ஒவ்வொரு காரும் நேற்றுத்தான் செய்தது போல இருக்கும். அவர் கிரில்லைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு தகரத்தைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தார்.

"நல்ல மீட்டியர் உடம்பு. கனடாவுக்கெண்டே செய்த கார், தங்கச்சி. ஆரோ விசரர் பிடிச்சுப் பழுதாக்கியிருக்கிறாங்கள். தொழிற்சாலை வாசலாலை வெளியாலை வந்த நாள் எப்பிடி இருந்ததோ, எனக்கு அப்பிடி வேணும். கூரையையும் பழையபடி உயர்த்தலாம்."

"மற்றச் சாமானுகள்?" என்று ஜெயரூபன் கேட்டான்.

"எனக்கு வேண்டாம் தம்பி. பழைய இரும்புக்குப் போடுங்கோ."

அவர் போன பிறகு தகரம் பெருமையோடு சொன்னது. "கேட்டீர்கள் அல்லவா? நான்தான் கார்."

 சற்று நேரத்தில் தகரத்தின் பெருமையும் வடிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளை அது நினைத்துப் பார்த்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் வெள்ளைப் பனிக்கட்டியின் மேல் சீறிப் பறந்த வேகம்தான். அந்த வேகத்தில் லொறி எஞ்சினின் அதிர்வு இருந்தது. முன்னே கிரில்லின் பல் வழியே பனித்தூள் பறந்தது. அவர்கள் இல்லாமல் தன்னை நினைக்கத் தகரத்துக்கு வழியே இருக்கவில்லை. 

காரை அருளானந்தத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது ஜெயரூபனின் எண்ணம். எஞ்சின் ஓடினால் அதை வேறு யாருக்காவது தனியாகக் கொடுக்கலாம் என்று, பிரேக்கைச் சரி செய்துவிட்டு எஞ்சினில் கை வைத்தான். துடைத்தான், எண்ணெய் விட்டான், புதுப் பற்றரி வைத்தான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மறுநாளும் அப்படியே.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா. ஏன் பிடிக்குதில்லை எண்டு விளங்கேல்லை."

எஞ்சினுக்கு விளங்கும். தனியாக விற்கப்படுவதற்காக அது ஏன் ஓட வேண்டும்?

பவளராணி கையில் மணல்தாளை எடுத்தாள், வைத்துவிட்டாள். "இதைச் செய்தது ஆரெண்டு தெரியாமல் நான் கை வைக்க மாட்டன்" என்றாள். பண்ணையை வாங்கியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தாள். முன்பு அந்தப் பண்ணை ஐலா என்ற பெண்ணுடையது என்றும், அவர் இப்போது இதே நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்றும், காரைச் செய்ததும் ஓட்டியதும் அவர்தான் என்றும் தெரிய வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஐலாவை அவருடைய மகன் ரேமண்ட் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். உயரமான, மெலிந்த பெண். கோட்டின் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன.

கார் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தன்னைச் செய்தவர் வந்துவிட்டார். இனி இவர் சொல்லிவிடுவார்.

"ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்" என்று ரேமண்ட் தாழ்ந்த குரலில் பவளராணியிடம் சொன்னார். "அம்மாவுக்குச் சில நாள் என்னையே தெரியாது. இன்று காலை என்னைப் பால்காரர் என்று நினைத்தார்."

கார் தளர்ந்து போனது. தன்னை அறிந்த ஒரே ஆளும் தன்னைத் தொலைத்துவிட்டாரா?

ஐலா காரின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் கிரில்லைப் பார்த்தார். பிறகு அதன் பற்களில் கையை வைத்தார்.

"மாட்டி" என்றார். "குளிரில் இங்கேயா நிற்கிறாய்?"

"மாட்டி என் மாமா" என்றார் ரேமண்ட். "அம்மாவின் தம்பி. ரயில் கடவையில் இறந்தார். அவருடைய மொனார்க்கில் இந்தக் கிரில் மட்டும்தான் உடையாமல் மிஞ்சியது."

 தான் ஒரு மொனார்க் என்பது கிரில்லுக்கு நினைவிருந்தது. யாருடைய மொனார்க் என்பது மறந்து போயிருந்தது.

ஐலா முன்மூடியைத் தொட்டார். "அப்பா, உங்களுக்குக் கண் தெரியாதே. லொறியை இனி எடுக்காதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னார். பின்னால் போய் விளக்குகளைக் கண்டதும் சிரித்துவிட்டார். "லூசில், நீ தோற்றாய். பந்தயம் பந்தயம்தான். நான் திருப்பித் தர மாட்டேன்."

"லூசில் அம்மாவின் சிநேகிதி. ஏரிப் பந்தயத்தில் தோற்றுத் தன் காரின் விளக்கைக் கழற்றிக் கொடுத்தாள் என்பார்கள்" என்றார் ரேமண்ட். "எது உண்மை என்று இப்போது எனக்கும் தெரியாது."

பவளராணி வண்ண டின்கள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கார் தன் முறைக்காகக் காத்திருந்தது. ஐலா கதவைத் திறந்தார். வெட்டி இறக்கிய கூரைக்குத் தலையை எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது யார்?" என்றார்.

"அம்மா, அது..."

"இந்தக் கிழவி யார்? என் காருக்குள் ஏன் இருக்கிறாள்? நான் எங்கே?"

கார் திகைத்துப் போனது. இவ்வளவு நாள் தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. பதில் சொல்ல வந்தவர் என்று யாரை நம்பியதோ, அவரே அதைத் தன்னிடம் கேட்கிறார்.  அவர் கை திசைமாற்றிச் சக்கரத்தின் மேல் நடுங்குவது காருக்குத் தெரிந்தது. அந்த நடுக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற ஒன்று மட்டும் அதற்குத் தெளிவாகப் புரிந்தது.

"எஞ்சின்" என்றது கார், "தயவுசெய்து."

எஞ்சின் யாருக்காக என்று கேட்கவில்லை.

ஐலாவின் கால் தானாகக் கிளச்சைத் தேடிப் போயிற்று. கை, காற்றை அடைக்கும் சோக் குமிழைப் பாதி இழுத்து, கொஞ்சம் தள்ளி, சாவியைத் திருப்பியது. எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பட்டறையின் தகரக் கூரை அதிர ஓடத் தொடங்கியது.

"ஐயோ, பிடிச்சிட்டுது" என்றான் ஜெயரூபன்.

அதிர்வு தகரத்துக்குள் போயிற்று. தகரத்திலிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து ஐலாவின் முதுகுக்கு. கிரில் கிலுகிலுத்தது. பின்விளக்குகள் சிவந்தன. ஐலாவின் கை நடுக்கம் நின்றது. அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வெகு நாள் பிரிந்திருந்த ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஐலா" என்றார், மெதுவாக.

பிறகு ரேமண்டைப் பார்த்து, "என்ன நிற்கிறாய்? ஏறு, மகனே" என்றார்.

ரேமண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்கவும் மறந்து ஏறினார். கார் பட்டறையின் அகன்ற கதவைத் தாண்டி, முற்றத்தின் கம்பி வேலி வரை ஆடி ஆடிப் போய், நின்றது. அவ்வளவுதான். திரும்பி வருவதற்குள் ஐலாவின் நினைவு வேறெங்கோ போய்விட்டது. இறங்கும்போது பவளராணியிடம், "நல்ல கார். யாருடையது?" என்று விசாரித்தார்.

"உங்களுடையதுதான்" என்றாள் பவளராணி.

"அப்படியா?" என்று மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று சாப்பாட்டு வேளையில் யாரும் சண்டை போடவில்லை. துரு மட்டும் கதவின் அடியிலிருந்து கேட்டது. "கடைசிவரை உன் பெயரை ஐலா சொல்லவில்லையே. இப்போதாவது புரிந்ததா, நீ யார் என்று?"

"இல்லை" என்றது கார். "ஆனால் அவருக்குத் தன் பெயர் வந்தபோது நாங்கள் எல்லோரும் வேண்டியிருந்தோம். நீ வேண்டியிருக்கவில்லை."

திங்கட்கிழமை அருளானந்தம் ஒரு பாரவண்டியோடு வந்தார். ஜெயரூபன்தான் வெளியே போய் அவரை மறித்தான்.  அக்கா உள்ளே காரின் கதவின் அடியில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மீட்டியர் எண்டு சொன்னது பிழை அண்ணை" என்றான் ஜெயரூபன். "குறை நினையாதேங்கோ."

"மீட்டியர் இல்லையோ? அப்ப என்ன கார் தம்பி இது?"

ஜெயரூபன் திரும்பிக் காரைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தள்ளி நின்று பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தான். 

"அது எனக்கும் விளங்கேல்லை அண்ணை" என்றான் கடைசியில். "ஆனால் பிரிக்க ஏலாது."