ஊற்றுக்கண்

வடுகநாதன் விற்ற தண்ணீரில் குறை சொன்னவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை.

அவருடைய தங்கை தெய்வானை ஒரு கோடையில் கலங்கல் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. தன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இனி ஒருவரும் கெட்ட தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்தான் பிறகு தொழிலாயிற்று.

யானைப்படுத்தான் பாறைக்குத் தெற்கே இருந்த தன் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கினார். வடிகட்டும் இயந்திரம் வைத்தார். கேன்களில் நிரப்பியும் டேங்கரில் ஏற்றியும் ஊர் ஊராக அனுப்பினார். ஒருமுறை தண்ணீரில் லேசாக மங்கல் தெரிந்ததென்று, ஒரு டேங்கர் நிறைய இருந்ததை அப்படியே தரையில் திறந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் காசு வாங்காமல் கொடுத்தார். தலை நரைப்பதற்குள் பெரிய முதலாளி ஆகிவிட்டார்.

இப்போது நெடுஞ்சாலையோரம் தொழிற்பேட்டை ஒன்று வரப்போகிறது. அங்கே வேலை செய்யப்போகிற அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. இன்னும் சில குழாய்கள் இறக்க வேண்டும், அவ்வளவுதான். மருமகன் முத்தழகு எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டான். கையெழுத்துதான் பாக்கி.

அன்று காலை பேனாவை எடுத்தவர், எடுத்த வேகத்தில் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

மடம் பாறையின் வடக்கு அடிவாரத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கிணறு, நாலைந்து வேப்பமரங்கள். அங்கே தனியாக இருந்த துறவி அரசியம்மை. வடுகநாதனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் வடுகநாதன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். மனைவி இறந்த வருஷத்தில் பிழைத்தெழுந்ததே அவருடைய வார்த்தையால்தான் என்று வடுகநாதன் நம்பினார்.

அரசியம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கய்யா. முகம் சரியில்லையே?"

வடுகநாதன் விஷயத்தைச் சொன்னார். கடைசியில் கேட்டார்: "ஒரு எண்ணத்தை வச்சுத்தான் அம்மா இந்தத் தொழிலை ஆரம்பிச்சேன். அது இவ்வளவு பெருசா வளர்ந்தா அந்த எண்ணம் அதுக்குள்ளேயே தொலைஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்கு. தொழிலும் வளரணும், நானும் மாறாம இருக்கணும். முடியுமா?"

அரசியம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"நாக்கு வறளுது. கிணத்துல ஒரு வாளி இறைச்சுட்டு வாங்களேன்."

வடுகநாதன் போனார். வாளியை இறக்கினார். கயிறு முழுவதும் ஓடி முடிந்தது. அடியில் வாளி கல்லில் மோதிய சத்தம் மேலே வந்து அவர் நெஞ்சில் இடித்தது. எட்டிப் பார்த்தார். சருகும் மண்ணும்தான் தெரிந்தன.

திரும்பி வந்தவர் குரலில் பதற்றம் இருந்தது.

"அம்மா, கிணறு காஞ்சு கெடக்கே. எப்பலேருந்து?"

"பங்குனியிலேருந்து."

"குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"கீழையூர் ஊருணியில எடுத்துட்டு வர்றேன்."

கீழையூர் ஊருணிக்கு வயல்வெளியில் வெகுதூரம் நடக்க வேண்டும். இடுப்பில் குடத்தோடு இந்த வெயிலில் அவர் திரும்பி வருவதை வடுகநாதன் நினைத்துப் பார்த்தார். உடம்பு கூசியது.

"பக்கத்துல நான் இருக்கேனே. எங்கிட்ட ஏன் அம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா டேங்கர் அனுப்புவீங்க."

வடுகநாதனுக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. அனுப்பினால் என்ன என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அரசியம்மை எழுந்துவிட்டார்.

"வாங்க, உள்ளே இறங்கிப் பார்க்கலாம்."

பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு அது. யார் வெட்டியதென்று யாருக்கும் தெரியாது. சுவரிலேயே படிகள் செதுக்கியிருந்தார்கள். அரசியம்மை முன்னால் இறங்கினார். வடுகநாதன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். இறங்க இறங்க வெயிலும் காக்கைச் சத்தமும் மேலேயே நின்றுவிட்டன. அடிக்கு வந்து அண்ணாந்தபோது வானம் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

வடுகநாதன் வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு இருந்தவர். ஆனால் தண்ணீர் வருகிற இடத்துக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை.

தெற்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பிளவு இருந்தது. கை நுழையும் அகலம். அதன் உதட்டில் பழைய ஈரத்தின் கறை மட்டும் இருந்தது.

"ஊற்றுக்கண் இதுதான்" என்றார் அரசியம்மை. "காதை வச்சுக் கேளுங்க."

வடுகநாதன் மண்டியிட்டுக் காதை வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கல்லுக்குள் எங்கோ வெகு ஆழத்தில், ஒரு முனகல் மாதிரி கேட்டது. மூச்சு விடாமல் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை திக்கியது. மறுபடி இழுத்தது.

அந்தத் திக்கலை அவருக்குத் தெரியும். போன மாதம்தான் தன் மேற்பார்வையாளர் பெரியகருப்பனிடம் அதைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்.

"அம்மா" என்றார். "இது என் மோட்டார்."

வடுகநாதன் காதை எடுத்துவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"பாறைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு என் இடம். இவ்வளவு பெரிய பாறை..."

சொல்லிக்கொண்டே பிளவுக்குள் கையை விட்டார். விரலுக்கு எட்டிய வரையில் காய்ந்து போயிருந்தது.

"நல்ல தண்ணிதான் கொடுத்தேன், அம்மா."

"ஆமாய்யா. நல்ல தண்ணிதான்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

கிணற்றுக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. வடுகநாதன் மேலே ஏறினார். அங்கே நின்று பெரியகருப்பனைக் கூப்பிட்டார்.

"பெரியகருப்பா, மோட்டார் எல்லாத்தையும் நிறுத்து."

"ஐயா, வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. டவுன்லேருந்து போன் மேல போன்."

"நிறுத்து."

"எவ்வளவு நேரத்துக்குங்கய்யா?"

"தெரியலை."

மறுபடி இறங்கி வந்து பிளவில் காதை வைத்தார். முனகல் இன்னும் இருந்தது. பிறகு ஒரு குரல் அறுந்தது. இன்னொன்று அறுந்தது. திக்குகிற குரல் கடைசியாக அடங்கியது.

அதன் பிறகு அங்கே இருந்த அமைதியை எந்தக் கோயில் கருவறை முன்னாலும் வடுகநாதன் உணர்ந்ததில்லை. பாறையே வேலையை நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவது போல இருந்தது. அவர் நகரவில்லை. நகர்ந்தால் எதையோ கலைத்துவிடுவோம் என்று பயந்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். மேலே தாம்பாளம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. வடுகநாதனின் சட்டைப்பையில் போன் ஒளிரவே இல்லை. யார் யார் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு நேரம் நினைத்தார். அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது.

பொழுது சாயும் வேளையில் பிளவின் உதடு கறுத்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கறுப்பு பரவியது. கல் வியர்த்தது. வியர்வை ஒரு புள்ளியில் கூடிக் கனத்து, ஒளியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. விழுந்தது. அதன் இடத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போய், நூல் மாதிரி ஒரு தாரை சுவரோடு இறங்கத் தொடங்கியது. அடிமண் அதைச் சத்தத்தோடு குடித்தது. சருகுகளுக்கு அடியில் மண் அசைந்தது. இத்தனை நாள் புதைந்து கிடந்த சிறு தவளை ஒன்று தலையை வெளியே நீட்டி, நனைந்த இடத்துக்குத் தத்திப் போய் உட்கார்ந்தது.

வடுகநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ லட்சம் கேன் தண்ணீரைப் பார்த்தவர், முதல்முறையாகத் தண்ணீரைப் பார்ப்பவர் போலக் கைகூப்பினார். கூப்பிய கையை விரித்துத் தாரையின் கீழே ஏந்தினார். உள்ளங்கை நிறைந்ததும் அரசியம்மையின் முன்னால் நீட்டினார்.

அவர் தன் கைகளில் வாங்கிக் குடித்தார்.

இருவரும் படியேறினார்கள்.

தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது என்று வடுகநாதன் மறுநாள் சொல்லிவிட்டார். முத்தழகு சம்பந்தி வீட்டார் முன்னிலையில் அவரைப் பைத்தியக்காரர் என்றான். தூரத்து ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிகளை நிறுத்தினார். அந்த ஊர்களுக்குத் தானே நேரில் போய்க் காரணம் சொன்னார். சில கடைக்காரர்கள் வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். மடத்துக் கிணற்றில் கடைசிப் படி நனைந்திருந்தால் மட்டுமே மோட்டார் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். விடிந்ததும் தானே போய், இறங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் மோட்டாரைப் போடச் சொல்வார். படி காய்ந்திருந்த நாட்களில் வண்டிகள் சும்மா நின்றன. மெல்ல மெல்லப் பாறையைச் சுற்றியிருந்த தோட்டக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறியது. முகம் தெரியாத ஒரு விவசாயி அவர் வீட்டு வாசலில் ஒரு கூடை கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போனார்.

வியாபாரம் பாதியாகிவிட்டது. ஆனால் அவருடைய பேர் முன்னைவிடப் பெரிதாயிற்று. வடுகநாதன் தண்ணீர் என்றால் தர்மத் தண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

அடுத்த தைப்பூசம் முடிந்து ஒரு நாள் அவர் மடத்துக்கு வந்தார். அரசியம்மை வேப்பமரத்தடியில் இருந்தார்.

"அம்மா, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். நீங்க வாயால ஒண்ணும் சொல்லலை. இப்ப நானே கேட்கிறேன். இனிமே என் தொழிலும் என் மனசும் ஒண்ணுதானே?"

அரசியம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கிணத்துல எப்பய்யா இறங்கினீங்க?"

"முழங்கால் வலி, அம்மா. அதோட அங்க இங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இப்பெல்லாம் பெரியகருப்பன்தான் இறங்கிப் பார்த்துச் சொல்றான்."

"அப்ப இந்தக் கேள்வியை அவர்கிட்ட கேளுங்க."