அஞ்சலாட்சியின் ரத்தம்

இளவழகன் தலை நரைத்த பிறகு மாணவரானவர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் டாக்டராக இருந்துவிட்டு, நெஞ்சக நோய் படிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார். அவருடைய ஆசிரியை டாக்டர் மெஹருன்னிசா. வயதில் இளவழகனைவிடச் சின்னவர். பேச்சு குறைவு.

அன்று காலை வார்டில் அஞ்சலாட்சி இறந்துபோனார். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் கொட்டகையில் சின்ன வயசிலிருந்து வேலை பார்த்தவர். அந்தப் புகை கொடுத்த நுரையீரல் அடைப்பு நோய். போன மாதம் அவரைப் பார்த்து மருந்து எழுதியவர் இளவழகன்தான்.

ஆசிரியையின் அறைக்குப் போனார்.

"உட்காருங்க."

இளவழகன் உட்காரவில்லை.

"மேடம், போன மாசம் அந்தம்மா ரத்தத்துல இயோசினோபில்ங்கற வெள்ளை அணு இல்லவே இல்லைங்கற அளவுக்குக் குறைச்சல். அது கூடுதலா இருந்தா, நுரையீரல் வீக்கம் ஸ்டீராய்டுக்கு அடங்கும். இல்லேன்னா பெருசா பலன் கிடையாது, நிமோனியா வேற வந்துடும். அதனாலதான் இன்ஹேலர்ல இருந்த ஸ்டீராய்டை நிறுத்தினேன்."

"ம்."

"நேத்து மூச்சுத் திணறி வந்தவுடனே எடுத்த ரத்தத்துல அதே அணு எகிறிக் கிடக்கு. அப்போ ஸ்டீராய்டு தேவைப்பட்ட ஆள்தானே? முதல் ரிப்போர்ட் பொய்யா?"

"லேப்ல கேட்டீங்களா?"

"அந்த ரத்த ஸ்லைடை மறுபடி பாத்தாங்க. சரிதாங்கறாங்க."

"ரெண்டு ரிப்போர்ட்டும் சரிதான்."

"அப்போ நான் எங்க தப்பு பண்ணினேன்?"

மெஹருன்னிசா எழுந்து வெளியே நடந்தார். இளவழகன் பின்னால் போனார்.

வராந்தாவில் அஞ்சலாட்சியின் மகள் கொளஞ்சி, அம்மாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஹருன்னிசா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா என்ன மருந்து போட்டாங்கம்மா?"

"சார் எழுதிக் கொடுத்ததுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"ஊர் மெடிக்கல்ல ஒரு வெள்ளை மாத்திரை தருவாங்க. அதைப் போட்டாத்தான் அம்மா கொட்டகைக்குப் போவும். ரொம்ப நாளா தினமும் போட்டுச்சு." பைக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இளவழகன் வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு மாத்திரை. அதைத் தினமும் விழுங்குகிறவர் ரத்தத்தில் அந்த அணு தலைகாட்டாது.

"இதை ஏன் நிறுத்தினாங்க?" இளவழகன் கேட்டார்.

"நீங்கதானே சார், நான் கொடுக்கறதைத் தவிர எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க. அதுலேர்ந்து அம்மா தொடவே இல்ல. மூச்சு முட்டிப்போய் செவுத்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கம்மான்னு நான் அழுதேன். டாக்டருக்குத் தெரியாதா, வேணாம்னுடுச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து கைகூப்பினாள்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்க சார். அதோட ஆயுசு அவ்வளவுதான்."

இளவழகனின் கைகள் தாமாகவே குவிந்தன.

அறைக்குத் திரும்பிய பிறகும் மாத்திரை அட்டை அவர் கையிலேயே இருந்தது.

"கடை மாத்திரை போடறேன்னு அந்தம்மா சொன்னாங்க. என்ன மாத்திரைம்மான்னு கேக்கவே இல்லை மேடம். திட்டத்தான் செஞ்சேன்."

மெஹருன்னிசா அட்டையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நடக்கற கூட்டத்துல எல்லா டாக்டருங்க முன்னாடியும் சொல்லிடறேன். என் தப்புன்னு ஒத்துக்கறேன்."

மெஹருன்னிசா ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார்.

"அந்தம்மாவை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் இன்னும் வரலை. அந்தப் பொண்ணு வெளியதான் நிக்குது."